அலாரம் - இல்லை

அத்தியாயம் 5

போலீசுக்குப் போக வேண்டிய புகாரை டாக்டர் தம் கையாலேயே தட்டச்சு செய்திருந்தார். ஒரே பக்கம். மருத்துவமனையின் சர்வரைச் சிஸ்டம் பொறுப்பாளர் வேண்டுமென்றே மந்தமாக்கி, நோயாளிகளைக் காக்க வைத்து, தமது பெயரைக் கெடுக்கிறார் என்பது அதன் சாரம். முடித்துவிட்டு 'சேவ்' என்பதைத் தட்டினார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. டாக்டர், அண்ணி, நான் மூன்று பேரும் அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு நிமிடம் பத்து விநாடி சுற்றியது.

"ஆதாரம் கேட்டீங்களே, இதுதான் ஆதாரம்" என்றார் டாக்டர்.

அண்ணி தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணி, என் அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருடம் மின்திருட்டு பிடிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த மூன்றே வாரத்தில் அண்ணன் ஒளித்து வைத்திருந்த சிகரெட், லாட்டரிச் சீட்டு, பழைய கடிதம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார். வீடு தாங்காது என்று அண்ணனே இடம் பார்த்து, பலகை எழுதி, இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்து கொடுத்தான். நான் பதினாலு வருடம் நடத்திய கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையை இழுத்து மூடிவிட்டு அங்கே உதவியாளனாகச் சேர்ந்தேன். சம்பளம் உண்டா என்று யாரும் கேட்க வேண்டாம். மதியச் சாப்பாடு உண்டு.

டாக்டர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். மூக்கை நுழைப்பது எங்கள் தொழில் என்பதால் எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஒரு பாசம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. புகார் கொடுப்பதற்கு முன் வெளியாள் ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள் என்று வக்கீல் சொன்னதால் வேண்டாவெறுப்பாகக் கூப்பிட்டிருந்தார்.

விஷயம் இதுதான். அங்கே எடுக்கிற ஸ்கேன், காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கேட்புப் பரிசோதனை வரைபடம் எல்லாம் ஒரே சர்வரில் போய்ச் சேரும். பத்தொன்பது நாளைக்கு முன்புவரை ஒரு ஸ்கேன் சேர ஒரு நிமிடம்கூட ஆகாது. இப்போது இருபது நிமிடம் ஆகிறது. ஒரு ஸ்கேன் முழுதாகச் சேர்ந்தால்தான் அடுத்தவரை உள்ளே படுக்க வைக்க முடியும் என்பதால் நடைபாதை முழுக்க ஆட்கள். ஒருவர் தலையணையே கொண்டுவந்திருந்தார்.

சிஸ்டம்காரர் மேல் ஏன் சந்தேகம் என்று அண்ணி கேட்டார். ஐந்து மாதத்துக்கு முன் சர்வர் பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று அவர் ஒரு விலைப்பட்டியல் கொண்டுவந்தாராம். பட்டியல் அவருடைய மச்சான் கடையிலிருந்து வந்ததாம். ஓடுகிறவரை ஓடட்டும் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது ஓட மாட்டேன் என்கிறது. டாக்டருக்குக் கணக்கு சுலபமாக வந்துவிட்டது.

"பாஸ்வேர்டு அவர் ஒருத்தர்கிட்டதான் இருக்கு. நாலு மணிக்கு ஸ்டேஷன்ல வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள நீங்க என்ன பாக்கணுமோ பாத்துக்கோங்க" என்றார்.

மணி பதினொன்று.

சர்வர் அறை தரைத்தளத்தின் கோடியில் இருந்தது. போகிற வழியில் ஸ்கேன் அறை, அதை அடுத்து வரிசையாகக் கேட்புப் பரிசோதனை அறைகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலிருந்தும் விதவிதமாக 'பீப்' வந்துகொண்டிருந்தது. ஒன்று கனமாக, ஒன்று மெலிசாக, ஒன்று கொசு மாதிரி. நடைபாதையில் போன நர்ஸ், வரவேற்பில் இருந்த பெண், கோப்பு தூக்கிப் போனவர் யாரும் எதற்கும் தலை நிமிரவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கழுத்து வலித்தது.

சர்வர் அறையில் ஒரு இரும்புக் கூண்டு. அதில் சர்வர். அதிலிருந்து நாலடி தள்ளி ஒரு மேஜை, ஒரே நாற்காலி. வேறு இடம் இல்லாததால் பதினோரு வருடமாகச் சிஸ்டம்காரர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். மின்விசிறிகளின் இரைச்சலில் காது அடைத்தது. இரைச்சலுக்கு நடுவே பக்கத்து அறையின் பரிசோதனைச் சத்தம் வேறு, ஊசி குத்துகிற மாதிரி, விட்டு விட்டு.

சிஸ்டம்காரருக்கு ஐம்பத்து நாலு வயது. சட்டைப்பையில் மூன்று பேனா. எங்களைப் பார்த்ததும் எழுந்து அந்த ஒற்றை நாற்காலியை அண்ணிக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு காலி அட்டைப்பெட்டியைக் காட்டினார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று அண்ணி பக்குவமாகச் சொல்லத் தொடங்கியபோது அவரே குறுக்கிட்டார். புகாரை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். ஏதோ ஒரு கோப்பு சேராமல் தொங்குகிறதே என்று பார்க்கப் போயிருக்கிறார், அது அவர் மேல் எழுதிய புகார்.

"என் இனிஷியலைத் தப்பாப் போட்டிருக்கார்மா. அதை மட்டும் மாத்தச் சொல்லுங்க" என்றார்.

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுப்பதும் திரும்பச் செருகுவதுமாக இருந்தார். மூத்த மகள் கல்லூரியில் கடைசி வருடம், இளையவள் பள்ளியில். இந்த வயதில் வேலை போனாலே இன்னொன்று கிடைப்பது கஷ்டம். போலீஸ் புகாரோடு போனால் கம்ப்யூட்டர் இருக்கிற எந்த இடத்திலும் அவரை வாசல்படி ஏற விடமாட்டார்கள். இதையெல்லாம் அண்ணி கேட்காமலே அவர் சொன்னார். அண்ணி எதிரே உட்கார்ந்தால் ஆட்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். என்னிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அண்ணிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அதை மறைப்பதும் இல்லை. போன வருடம் எடுத்த ஒரு ஸ்கேனைத் திறந்து காட்டச் சொன்னார். இரண்டு விநாடியில் திறந்தது. இன்னொன்று. அதுவும் இரண்டு விநாடி. பிறகு புதிதாக ஏதாவது ஒன்றை வைக்கச் சொன்னார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"எடுக்கறதுல ஒண்ணும் சுணக்கம் இல்ல. வைக்கறப்பதான் இழுக்குது" என்றார் அண்ணி. "தம்பி, யாராவது இதுலேருந்து திருடினா எது மெதுவாகும்?"

திருடுவதென்றால் எடுப்பதுதான், எடுப்பது நன்றாகவே நடக்கிறது என்றேன். கம்பிவடத்தில் கோளாறு என்றால் இரண்டுமே இழுக்க வேண்டும். ஆகவே கோளாறு வைக்கிற இடத்தில்தான். இவ்வளவையும் நான் கண்டுபிடித்த மாதிரி கம்பீரமாகச் சொன்னேன். சிஸ்டம்காரர் மரியாதையாகத் தலையசைத்தார். இதே முடிவுக்கு அவர் பதினெட்டு நாளைக்கு முன்பே வந்துவிட்டார் என்பது அவருடைய நோட்டைப் பார்த்தபோது தெரிந்தது.

நோட்டு என்றால் சாதாரண நோட்டு இல்லை. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட தடித்த நோட்டு. தினமும் காலை, மாலை இரண்டு வேளை. அறையின் சூடு, மின்சாரம், டிஸ்க் நான்கின் விளக்கு நிறம், மின்விசிறி, அலாரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். என் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தவர்கூட இத்தனை கட்டம் போடவில்லை. கோளாறு தொடங்கிய நாளிலிருந்து அவர் வடத்தை மாற்றியிருந்தார், டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்திருந்தார், பழைய கோப்புகளை நகர்த்தி இடம் ஒழித்திருந்தார். எல்லாம் நலம், ஆனால் வேகம் வரவில்லை.

அவர் பார்க்க முடியாத இடம் ஒன்றே ஒன்று பாக்கி. நாலு டிஸ்க்கையும் சேர்த்துக் கட்டி மேய்க்கிற ஒரு கார்டு உள்ளே இருக்கிறது. ரெய்டு கார்டு என்பார்கள். அதற்கென்று ஒரு தனித் திரை உண்டு. மிகப் பழைய கார்டு என்பதால் சர்வரை அணைத்துப் போட்டால்தான் அந்தத் திரைக்குள் நுழைய முடியும். அணைக்க அரைமணி நேரம் அனுமதி வேண்டும் என்று டாக்டருக்கு மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தார். மூன்று கடிதத்திலும் டாக்டரின் கையெழுத்தில் 'வேண்டாம்' என்று இருந்தது. நோயாளிகள் காத்திருக்கிறார்களாம்.

அண்ணி மூன்று கடிதத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார் என்று தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரம் ஒன்றரை முதல் இரண்டு வரை அணைத்துக்கொள்ளலாம், தாமும் கூடவே நின்று பார்ப்பேன் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். என் மதியச் சாப்பாடு அதோடு போயிற்று. எனக்கிருந்த ஒரே சம்பளம் அது.

சரியாக ஒன்றரைக்குச் சிஸ்டம்காரர் சர்வரை அணைத்தார். மின்விசிறிகள் மெல்ல மெல்ல இறங்கி நின்றன. சட்டென்று ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. என்ன இறங்கியது என்று எனக்குப் பிடிபடவில்லை. வாசலுக்கு வெளியே பார்த்தேன். வரவேற்புப் பெண் தலையைத் தூக்கி அங்குமிங்கும் பார்த்தாள். பரிசோதனை அறையிலிருந்து, எல்லோரும் ஆடியோ மேடம் என்று கூப்பிடுகிற அம்மாள், கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். டாக்டர்கூட ஒரு கணம் காதைத் தேய்த்துக்கொண்டார். சிஸ்டம்காரர் மட்டும் குனிந்து, அணைத்த நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அண்ணி இயந்திரத்தைப் பார்க்கவே இல்லை. வாசலில் சாய்ந்துகொண்டு எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி உயிர் கொடுத்ததும் சிஸ்டம்காரர் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கார்டின் திரை வந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மூன்றாவது வரியிலேயே விடை இருந்தது. பாட்டரி செத்துப்போயிருந்தது. பத்தொன்பது நாளைக்கு முன், காலை பதினொன்று இருபதுக்கு.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. டாக்டருக்குப் புரிகிற மாதிரி விளக்கினேன். அந்தக் கார்டு ஒரு குமாஸ்தா மாதிரி. நாம் காகிதத்தை நீட்டினால் வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு, 'ஆச்சு, நீங்க போங்க' என்று அனுப்பிவிடும். பிறகு சாவகாசமாக எடுத்து அலமாரியில் அடுக்கும். அதனால்தான் அத்தனை வேகம். நடுவில் மின்சாரம் போனால் மேஜையில் இருப்பது பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்தப் பாட்டரி. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அது செத்தால் குமாஸ்தாவுக்குப் பயம் வந்துவிடும். ஒவ்வொரு காகிதத்தையும் தானே கொண்டுபோய் அலமாரியில் வைத்து, பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் அடுத்ததை வாங்கும். மேஜை பக்கமே போகாது.

"அதாவது யாரும் எதையும் மாத்தலை டாக்டர். அதுவா மாத்திக்கிச்சு. இதுல பாஸ்வேர்டுக்கே வேலை இல்ல" என்றேன்.

டாக்டர் முகத்தில் ஈ ஆடவில்லை. சிஸ்டம்காரர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். புதுப் பாட்டரி நாளைக் காலை வரவழைத்துவிடலாம் என்றார். அதுவரை என்ன செய்வது என்று டாக்டர் கடுகடுத்தார். திரையில் அதற்கும் ஒரு வழி இருந்தது. பாட்டரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பழையபடி ஓடு என்று கார்டை வற்புறுத்தலாம். ஒரே ஒரு விசை. அழுத்தினால் இந்த நிமிடமே வேகம் வந்துவிடும், நடைபாதை காலியாகிவிடும், நாலு மணிக்குள் டாக்டர் கோபமும் ஆறிவிடும். அழுத்திவிடுங்கள் என்று நானே சொன்னேன்.

சிஸ்டம்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் சார். நடுவுல கரண்ட் போச்சுன்னா பாதி ஸ்கேன் காணாமப் போயிடும். யாரோட பாதின்னுகூடத் தெரியாது. மெதுவாவே போகட்டும்."

அந்த விசையைத் தவிர அவரைக் காப்பாற்ற அப்போது வேறு எதுவும் இல்லை. அது அவருக்கும் தெரியும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

சர்வரை வழக்கம்போல ஓட விட்டுவிட்டு, வேலை ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவர அவர் வரவேற்புக்குப் போனார். டாக்டர் போகவில்லை. கார்டின் திரையை நான் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரி வரியாகப் படித்தார். பெரிய டாக்டர்கள் மற்றவர்களின் அறிக்கையைப் படிக்கும்போது கடைசி வரியை விடுவதில்லை. அங்கே நான் கவனிக்காத ஒன்று இருந்தது. பாட்டரி செத்த அந்த நிமிடத்திலிருந்து கார்டின் அலாரம் அடித்துக்கொண்டிருக்கிறது. யாரும் அதை நிறுத்தவில்லை.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் இரும்புக் கூண்டைப் பார்த்தோம். பீப். ஒரு விநாடி இடைவெளி. பீப். நான் காலையிலிருந்து பக்கத்து அறைச் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

"இது ஆடியோ ரூம் சத்தம்னுல்ல இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் டாக்டர். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறியது. நாற்காலியைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். நடுவில் இருந்த நாலடியைப் பார்த்தார்.

பிறகு மேஜை மேல் இருந்த நோட்டை எடுத்தார். அலாரம் என்ற கட்டத்தில் விரலை வைத்துக் கீழே இறக்கினார். இல்லை. இல்லை. இல்லை. பத்தொன்பது நாள், காலை மாலை, எல்லாவற்றிலும் 'இல்லை' என்று அழகான கையெழுத்து. பக்கத்தில் குட்டியாகக் கையொப்பம்.

"நாலடி தள்ளி உக்காந்துக்கிட்டு, அடிக்கிற அலாரத்தை அடிக்கலைன்னு முப்பத்தெட்டு தடவை எழுதியிருக்கார். பாட்டரி தானா செத்திருக்கலாம். அதை வெளிய சொல்லாம மூடி மறைச்சது யாரு? நாறட்டும்னு விட்டா புது சர்வர் வந்துடும்னு கணக்கு" என்றார்.

 அவர் சொன்னது அத்தனையும் பொருந்தியது. ஐந்து நிமிடத்துக்கு முன் எனக்குப் பிடித்துப்போன மனிதர் இப்போது கைதேர்ந்த நடிகராகத் தெரிந்தார். டாக்டர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். புகாரில் இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும், சேவ் ஆக நேரமாகும், போகிறேன் என்றார்.

அண்ணி வழியை மறிக்கவில்லை. ஆடியோ மேடத்தை மட்டும் ஒரு நிமிடம் கூப்பிடச் சொன்னார்.

ஆடியோ மேடம் வந்தார். இந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியுமா என்று அண்ணி கேட்டார். தெரியும் என்றார் அவர். முதல் நாளிலிருந்தே தெரியுமாம். சுவர் வழியாகப் பரிசோதனை அறைக்குள் கசிகிறதாம். கருவியில் எதுவும் ஒலிக்காதபோதே நோயாளிகள் கேட்கிறது என்று பொத்தானை அழுத்தியதால், மெல்லிய ஒலிச் சோதனைகளை எல்லாம் மறுகோடி அறைக்கு மாற்றிவிட்டாராம். யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்றதற்கு அவர் டாக்டரைப் பார்த்தார்.

அங்கே ஒரு விதி இருந்தது. டாக்டரே பன்னிரண்டு வருடத்துக்கு முன் போட்ட விதி. கேட்புப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் ஊழியர்களின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். சத்தம் வரும்போது யாராவது நிமிர்ந்தால் போதும், கேட்காதவரும் கேட்டது என்பார். ஆகவே அந்தக் கட்டடத்தில் எங்கே 'பீப்' வந்தாலும் ஊழியர்கள் நிமிரக் கூடாது, திரும்பக் கூடாது, அது என்ன சத்தம் என்று பேசவும் கூடாது. மீறியவர்கள் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேறு எந்த ஆபீசாக இருந்தாலும் முதல் மணி நேரத்திலேயே நாலு பேர் கதவைத் தட்டியிருப்பார்கள். இங்கே பத்தொன்பது நாளாக முப்பது பேர் கேட்டுக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார்கள்.

"அதோட, அவர் பக்கத்துலயே உக்காந்திருக்கார். அவரே கண்டுக்கலைன்னா அது சும்மா வர்ற சத்தம்தான்னு நினைச்சோம்" என்றார் ஆடியோ மேடம்.

டாக்டர் தமக்குச் சாதகமான சாட்சி கிடைத்துவிட்டதைப் போல நிமிர்ந்தார். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது பாருங்கள் என்றார்.

"ஆமா, எல்லாருக்கும் கேட்டிருக்கு" என்றார் அண்ணி. "நான் இருபத்திரண்டு வருஷம் திருட்டுக் கரண்ட் எடுத்தவங்க முகத்தைப் பாத்திருக்கேன் டாக்டர். பொய் சொல்றவங்க ஒளிஞ்சிருக்கற விஷயத்துலதான் பொய் சொல்லுவாங்க. மீட்டர் பெட்டிக்குள்ள என்னன்னு சொல்லுவாங்க, வாசல்ல எரியற விளக்கை எரியலைன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. கட்டடமே கேக்கற சத்தத்தை இல்லைன்னு எழுதி, கீழ கையெழுத்தும் போடறவர் எப்படிப்பட்டவர்?"

டாக்டர் கக்கத்திலிருந்த நோட்டை எடுத்து மறுபடி பிரித்தார்.

"மத்தியானம் மெஷினை அணைச்சப்ப அந்தச் சத்தமும் நின்னுச்சு. இந்தம்மா கதவைத் திறந்து பாத்தாங்க. வரவேற்புல அந்தப் பொண்ணு நிமிர்ந்து பாத்துச்சு. என் கொழுந்தன் பேந்தப் பேந்த முழிச்சான். நீங்க காதைத் தேச்சீங்க. ஒருத்தர் மட்டும் எழுதிக்கிட்டே இருந்தார். நின்னது அவருக்குத் தெரியலை, ஏன்னா நிக்கறதுக்கு முன்னாடி அங்க அவருக்கு எதுவும் இல்ல." அண்ணி டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்கு டாக்டர், சார்?"

"காது" என்று ஆரம்பித்தார் டாக்டர். மூக்கு, தொண்டை வரவில்லை.

வாசலில் சிஸ்டம்காரர் வந்து நின்றார். வரவேற்பில் சொல்லிவிட்டதாகவும், அடுத்த ஸ்கேன் தொடங்கிவிட்டதாகவும் தெரிவித்தார். நாலு பேரும் தம்மையே பார்ப்பதைக் கண்டு, சட்டையில் ஏதாவது கொட்டிவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

அவரை என்ன சொல்லிச் சோதனைக்கு அழைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆடியோ மேடம்தான் சமாளித்தார். சர்வரை அணைத்துப் போட்டோமே, பரிசோதனைக் கருவி சரியாகச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும், யாராவது ஒருவர் உட்கார்ந்தால் தேவலை என்றார். சிஸ்டம்காரர் உடனே சம்மதித்தார். கருவி என்றால் அவர் எதற்கும் சம்மதிப்பார்.

மறுகோடி அறையில் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி அறை. அவர் உள்ளே போய், காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பொத்தானைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தார். நாங்கள் வெளியே. ஆடியோ மேடம் கனமான ஒலியில் தொடங்கினார். சிஸ்டம்காரர் உடனே பொத்தானை அழுத்தினார், வெளியே விளக்கு எரிந்தது. அடுத்தது. அதற்கும் அழுத்தினார். பேச்சுக்குரல் மட்டத்தில் ஒன்றிரண்டு தாமதமாக வந்தது. அதற்கு மேலே போகப் போக விளக்கு எரியவில்லை. ஆடியோ மேடம் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். காதுக்கவசத்தைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி வெளியே எனக்கே கேட்டது. உள்ளே அவர் கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு, தேர்வு எழுத வந்த பையன் மாதிரி முதுகை நிமிர்த்தி, எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தபடி காத்திருந்தார்.

வயதா, பதினோரு வருட மின்விசிறியா, இரண்டுமா என்று தெரியாது. கேட்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் போவது போகிறவருக்கே தெரியாதாம். பேச்சு கேட்கிறது, போன் கேட்கிறது. மெலிசான உச்ச ஒலிகள் மட்டும் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போய்விடும். இதை டாக்டரே எங்களிடம் தணிந்த குரலில் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து புகாரின் நகலை எடுத்து நாலாக மடித்து அண்ணி கையில் கொடுத்தார். ஸ்டேஷனுக்கு போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடுமாறு என்னிடம் சொன்னார்.  எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. அவமானப்பட்டு நிற்கிற மனிதரிடம் எரிச்சல் நிலைப்பதில்லை.

ஆடியோ மேடம் சோதனையை முடித்துச் சேவ் செய்தார். வட்டம் சுற்றியது. 

சிஸ்டம்காரர் கவசத்தைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார். பாதியில் நிறுத்திவிட்டீர்களே, அடுத்த ஒலி வரவேயில்லையே, கருவியில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். அதற்குள் வட்டம் நின்று வரைபடம் திரையில் வந்தது. இந்தப் பதினோரு வருடத்தில் இப்படி ஆயிரக்கணக்கான வரைபடங்களை அவர் பத்திரப்படுத்தியிருக்கிறார். படிக்க நன்றாகவே பழகியிருந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"சேந்துடுச்சு, கோணல் இல்லாம வந்திருக்கு" என்றார். பிறகு, "பாவம், இந்தப் பக்கம் மொத்தமா விழுந்திருக்கே. யாருது மேடம் இது? வயசானவங்களா?"

ஆடியோ மேடம் கைக்குட்டையைத் தேடினார். சிஸ்டம்காரர் இன்னும் கொஞ்சம் குனிந்து, பெயர் இருந்த மேல்வரியைப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். இனிஷியல் சரியாக இருந்தது.

விழுந்திருந்த கோட்டை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அந்த அலாரம்... இப்பவும் அடிக்குதா சார்?"

"அடிக்குது" என்றார் டாக்டர்.

அவர் அறைக் கதவைத் திறந்து, சர்வர் அறை இருந்த திசையில் முகத்தைத் திருப்பி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு நின்றார். டாக்டர் நோயாளிகள் உட்காருகிற நாற்காலியை இழுத்து அவர் அருகே போட்டார். அவர் உட்காரவில்லை. எங்கள் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.